பொன்னாடை போர்த்திய நரம்பு

சொற்சுனாமி மாசிலாமணி மேடையில் முதன்முறையாக வார்த்தை கிடைக்காமல் நின்றபோது, அது ஏதோ புதிய பாணி என்று நினைத்து மதுரை கைதட்டியது.

'விட்டுக்கொடுப்பதில் விஞ்சி நிற்பது கணவனா, மனைவியா?' என்று பட்டிமன்றம். நடுவர் அவர்தான். தீர்ப்புக்கு எழுந்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், "ஆகவே அன்பர்களே, இல்லறம் என்பது..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இல்லறம் என்பது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. அது முன்பும் தெரிந்ததில்லை. ஆனால் வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன. கூட்டம் காத்திருந்தது. மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருவர், "மௌனத்தாலேயே தீர்ப்பு சொல்லிட்டாருய்யா!" என்று தொடையில் தட்டினார். அப்புறம் கிளம்பிய கைதட்டல் மாசிலாமணியைக் கௌரவமாகக் கீழே இறக்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தார்.

"இந்தா, இங்க வந்து பாரு. வீங்கியிருக்கா?"

'இந்தா' என்பது அவர் மனைவியின் பெயரல்ல. பெயர் அங்கயற்கண்ணி. முப்பத்து நாலு வருட மணவாழ்வில் அந்தப் பெயரை அவர் உச்சரித்தது பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் அதிகாரி அதட்டியதால். அவர் வளர்ந்த தெருவில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவளும் அவர் பெயரைச் சொல்வதில்லை. வங்கியில் கணவர் பெயர் கேட்டால் ஜன்னல் வழியே தெரியும் போஸ்டரைக் காட்டுவாள்.

அவளுக்கு 'சரிங்க' என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கல்யாணமான புதிதில் பள்ளிக்கூட வேலைக்கு உத்தரவு வந்தது. "எதுக்கு அதெல்லாம்?" என்றார். "சரிங்க" என்றாள். அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் அதைவிடச் சின்ன விஷயங்கள்.

"வீங்கலைங்க," என்றாள் இப்போது. "டாக்டரைப் பாத்துருவோம்."

நரம்பு டாக்டர் நிலோபர் கே.கே. நகரில் இருந்தார். வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துகள்தான். இருபத்தேழு எழுத்துகள் வைத்திருந்த மாசிலாமணிக்கு அங்கேயே நம்பிக்கை போய்விட்டது. கூடவே ஜெயவீரன் வந்திருந்தான். உலக நாவலர் பேரவையின் செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாம் அவனே. ஐயாவின் கைப்பையைத் தூக்குவதும் அவனே.

ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "வார்த்தையெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு சார். ரோடுதான் மோசமாயிருச்சு."

ஒரு காகிதத்தை எடுத்து, வேர் விட்ட உருளைக்கிழங்கு போல ஒன்றை வரைந்தார்.

"இது நியூரான், நரம்பு செல். இங்க கிளை கிளையா இருக்குல்ல, இது சேதி வாங்குறதுக்கு. நடுவுல இருக்கிற குண்டு, வந்ததையெல்லாம் கூட்டிப் பாக்கும். போதும்னு தோணுச்சுன்னா ஒரு துடிப்பு அனுப்பும். போதலைன்னா கம்முனு இருந்துரும். பாதித் துடிப்பு, கால் துடிப்பெல்லாம் கிடையாது."

"என்னுடையவை எப்போதுமே முழுத் துடிப்புதான்," என்றார் மாசிலாமணி.

"ஐயாவோடது ரெட்டைத் துடிப்பு," என்றான் ஜெயவீரன்.

டாக்டர் பேனாவால் படத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த நீளமான வால்தான் ஆக்சான். துடிப்பு இது வழியா ஓடி அடுத்த செல்லுக்குப் போகணும். ஆனா ரெண்டு செல்லும் ஒண்ணையொண்ணு தொடாது. நடுவுல பொடி இடைவெளி. இந்தப் பக்கமிருந்து துளி ரசாயனத்தைத் தூவும், அந்தப் பக்கம் அதை வாங்கிக்கும்."

"தொடாமலேயேவா?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"தொடாமலேயேதாம்மா."

"பரவால்ல, எங்க வீடு மாதிரிதான்," என்றாள் அவள், சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் சிரிப்பை அடக்கி, வாலின்மேல் பட்டை பட்டையாக வரைந்தார். "இந்த வாலைச் சுத்திக் கொழுப்புல ஒரு உறை இருக்கும். மையலின். அங்கங்க சின்ன இடைவெளி விட்டுப் போர்த்தியிருக்கும். துடிப்பு அந்த இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும். உறை தேஞ்சு போச்சுன்னா ஊர்ந்துதான் போகும், சில நேரம் பாதி வழியில படுத்துரும். உங்களுக்குப் பேச்சு நரம்புல உறை தேஞ்சிருக்கு. வயசு."

"ஐயாவுக்கு வயசா?" ஜெயவீரன் எழுந்தேவிட்டான். "டாக்டரம்மா, வார்த்தையை வாபஸ் வாங்குங்க."

"உட்காருங்க தம்பி. இதுக்கு இப்ப உறை ஊசி வந்திருக்கு. போட்டா, உறை சுத்துற செல்லெல்லாம் ஒரு மாசம் முழிச்சுக்கிட்டு வேலை பாக்கும். எந்த நரம்பு அதிகமா ஓடுதோ அதுக்குப் போர்த்திக்கிட்டே இருக்கும். ஆனா ஒரு சங்கடம். துணி புதுசா வராது. சும்மா கெடக்கிற நரம்புல இருந்து உருவி, ஓடுற நரம்புக்குப் போர்த்தும்."

மாசிலாமணி புரிந்தது போலத் தலையாட்டினார். அப்படித் தலையாட்டித்தான் முனைவர் பட்டமே வாங்கியிருந்தார். அங்கயற்கண்ணிக்கு நிஜமாகவே புரிந்தது. வீட்டுக்கு வரும் பொன்னாடைகளில் நல்லவற்றை ஜெயவீரன் மடித்து எடுத்துப்போவான். அடுத்த விழாவில் அவையே ஐயாவின் தோளுக்குத் திரும்பி வரும். ஓரத்தில் சாம்பார்க் கறை பட்ட ஊதா நிறப் பொன்னாடை ஒன்றை அவளே பல தடவை துவைத்திருக்கிறாள்.

"நம்ம பொன்னாடை மாதிரிங்க," என்றாள் கணவரிடம்.

"அதேதாம்மா," என்றார் டாக்டர். "ஏற்கெனவே போர்த்தினவருக்கேதான் மறுபடியும் போர்த்தும். மைக் செட்காரருக்குப் போர்த்தாது. அவரு தோள்ல கெடக்கிற துண்டையும் உருவிட்டு வந்துரும். அதனால சார், இந்த ஒரு மாசம் எதெல்லாம் உங்களுக்கு வேணுமோ, எல்லாத்தையும் தினம் கொஞ்சம் ஓட்டுங்க. பேசுங்க, கேளுங்க, சும்மா இருங்க. வீட்டு ஆளுங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"இந்தான்னு."

"பேரு?"

மாசிலாமணி, யாரோ வேட்டியை அவிழ்க்கச் சொன்னது போல, ஜெயவீரனைப் பார்த்து நெளிந்தார். "அதெல்லாம் நாலு பேர் முன்னால எப்படி..."

"நாலு பேர் முன்னால வேணாம். வீட்ல சொல்லுங்க. இந்த ஊசி, கூட வர்றவங்களுக்கு இலவசம். தம்பதி சலுகை. அம்மாவுக்கும் போட்டுரலாமா?"

"அவளுக்கெதுக்கு?" என்றார் மாசிலாமணி. "வீட்லதான இருக்கா."

"சரிங்க," என்றாள் அங்கயற்கண்ணி.

ஊசி போட்டு முடிந்து ஆண்கள் இருவரும் கீழே போனபின், பத்தியம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி அவள் தங்கினாள். காரில் ஏறும்போது முந்தானையை இடது தோளின்மேல் நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்த வருடம் ஊரே உறை ஊசி போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பயிற்சி நிலையம் தன் மாணவர்களுக்கு மொத்தமாகப் போட்டது; இரவு பகலாகக் கேள்விக்கு நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்த பிள்ளைகள், "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டால் "மேற்கண்ட எதுவுமில்லை" என்றார்கள். ஒரு கவுன்சிலர் மாலைக்குக் குனிந்து குனிந்தே மாதத்தைக் கழித்தார்; இன்று யாராவது அருகில் கையைத் தூக்கினாலே அவர் கழுத்து தானாக நீள்கிறது. தொலைக்காட்சித் தொடரில் மாமியாராக நடிக்கும் அம்மாள் ஒருவர், கேமரா இல்லாத இடத்திலும் சடாரென்று திரும்பி முறைக்கிறார். யாரும் புகார் செய்யவில்லை. எல்லாரும் அவரவர் ஏற்கெனவே இருந்தது போலத்தான் ஆனார்கள், கொஞ்சம் கூடுதலாக. புகார் செய்ய என்ன இருக்கிறது?

மாசிலாமணிக்கு மாதக் கடைசியில் 'உலக நாவேந்தர்' விருது. கொடுப்பது உலக நாவலர் பேரவை, அதாவது ஜெயவீரன். மேடையில் இருபதுக்கும் மேற்பட்ட பெருமக்கள் உட்காரப் போகிறார்கள். ஒருவருக்கும் அடைமொழி குறையக்கூடாது. குறைந்தால் அவர் அடுத்த வருடம் தனிப் பேரவை ஆரம்பித்துவிடுவார். ஆகவே காலையில் பல் துலக்கியதிலிருந்து, பெருமக்களை அடைமொழியோடு அழைக்கும் விளிப்புப் பயிற்சி நடந்தது.

"விழாத் தலைவர், வாரி வழங்கும் வள்ளல், அண்ணன்..." என்று ஜெயவீரன் எடுத்துக்கொடுப்பான். ஐயா தொடர்வார்.

ஒரு காலை, அவன் வருவதற்கு முன்னால், அங்கயற்கண்ணி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"டாக்டரம்மா சொன்னாங்கள்ல?"

"என்னத்தை?"

"என் பேரு. தினம் சொல்லச் சொன்னாங்க."

"ஏன், அது எங்க ஓடிப்போகப் போகுது? உள்ளதான கெடக்கு."

"சும்மா கெடந்தா உருவிரும்னாங்க."

"விழா முடியட்டும். நூறு தடவை சொல்றேன், போதுமா? இப்பப் போய் வெந்நீர் வை."

அவளுக்குத் தொண்டை வரை ஏதோ வந்தது. உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு உள்ளே போனாள். வெந்நீர் வந்தது. 'சரிங்க' வரவில்லை.

"காதுல விழுந்துச்சா இல்லையா?" என்று குளியலறையிலிருந்து கத்தினார்.

"பாப்போம்," என்று பதில் வந்தது.

"இவளுக்குக் காது மந்தமாயிருச்சுப்பா," என்று பிற்பாடு ஜெயவீரனிடம் வருத்தப்பட்டார்.

இரண்டு வாரத்தில் அவர் பேச்சு ரயிலாகிவிட்டது. மாண்புமிகுவிலிருந்து மதிப்பிற்குரியவருக்கும், அங்கிருந்து போற்றுதலுக்குரியவருக்கும் மூச்சு விடாமல் தாவினார். ஜெயவீரன் கண்ணீர் விட்டான். அதே வேகத்தில் வேறு சில காணாமல் போயின. சமையலறை விளக்கின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது போனது; அது முன்பே அவருக்குத் தெரியுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போனது. "எனக்குத் தெரியாது" என்ற வாக்கியம் போனது. அது போனதை யாரும் கவனிக்கவில்லை.

அங்கயற்கண்ணி கவனித்தாள். பழைய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு படமாகக் காட்டினாள்.

"இது யாரு?"

"யாழினி! என் அன்பு மகள், அமெரிக்க மண்ணில் தமிழ்..."

"போதும், போதும். இது?"

"நான்."

"உங்களுக்குப் பக்கத்துல?"

"என் மனைவி. என் மனைவி இருக்கிறாளே அன்பர்களே, ஒருநாள் இப்படித்தான் ரசத்தில்..."

மகளின் பெயர் தப்பித்துக்கொண்டது, ஏனென்றால் மேடைக் கதைகளில் அவள் பெயரோடு வருவாள். மனைவியைப் பற்றியும் அவரிடம் ஒரு மூட்டை நகைச்சுவை இருந்தது. எதிலும் அவளுக்குப் பெயர் கிடையாது.

அவள் ஆல்பத்தை மூடினாள். பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக, கோபமாக இருந்தது.

விழாவுக்கு அரங்கம் நிறைந்தது. பிரியாணிப் பொட்டலம் கடைசியில்தான் என்று முன்கூட்டியே அறிவித்திருந்ததால் யாரும் எழுந்து போகவில்லை. மாசிலாமணி ஒலிவாங்கியைப் பிடித்தார். இருபத்துச் சொச்சம் பெருமக்களும் தங்கள் அடைமொழிகளோடு அவர் வாயிலிருந்து பீறிட்டு வந்தார்கள். மைக் செட்காரர் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று ஒயரை ஆட்டிப் பார்த்தார். தன் பெயர் வந்ததா வராமல் போனதா என்று தெரியாமல் ஒரு பெரியவர் இரண்டு தடவை எழுந்து கும்பிட்டார். அரங்கம் அதிர்ந்தது.

அடுத்தது வழக்கமான சடங்கு. "ஐயாவின் வெற்றிக்குப் பின்னால் இருக்கும் அம்மா அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!" என்றான் ஜெயவீரன். பின்னால் இருந்தவள் முன்னால் வந்தாள். அவள் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. ஊதா நிறம். ஓரத்தில் சாம்பார்க் கறை. அவள் பழைய தோழியைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

மாசிலாமணி கையை நீட்டினார். "இந்த விருதை நான் யார் காலடியில் வைக்கிறேன் என்றால், என் வாழ்க்கைத் துணைவியார், திருமதி..."

துடிப்பு கிளம்பியது. போக வேண்டிய பாதையில் போர்வை இல்லை. கொஞ்ச தூரம் ஊர்ந்தது, படுத்துவிட்டது.

அவர் அவளைப் பார்த்தார். எல்லாம் தெரிந்தது. கடுகு வெடித்துச் சுட்ட மணிக்கட்டுத் தழும்பு, ஒரு பக்கம் எப்போதும் இறங்கியே இருக்கும் மூக்குக்கண்ணாடி, கோபம் வந்தால் துடிக்கும் கீழுதடு. இப்போதும் துடித்தது. அந்த ஆளுக்குப் பெயர் மட்டும் இல்லை. அவர் வாழ்நாளில் மேடையில் பயந்ததில்லை. பயம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் சத்தமில்லாமல் வாயைத் திறந்து 'அங்' என்று காட்டினாள். அவருக்கு எட்டவில்லை.

அப்போது, நன்றாகப் போர்த்திய நரம்பு ஒன்று அவரைக் காப்பாற்றியது.

"...அறிமுகம் தேவையில்லாதவர்!"

அரங்கம் எழுந்து நின்றது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெயவீரன் தேம்பினான். மூன்றாவது வரிசையில் டாக்டர் நிலோபர் மட்டும் கைதட்டவில்லை.

விழா முடிந்து, மாலைகளுக்கு நடுவே மாசிலாமணி படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் அங்கயற்கண்ணியை ஓரமாக அழைத்தார்.

"பேரு போயிருச்சாம்மா?"

"ம்."

"உறை செல் இன்னும் தூங்கப் போகலை. நாலஞ்சு நாள் இருக்கு. விடாம சொல்ல வைங்க. பிடிச்சாலும் பிடிச்சுக்கும். ஆனா எதை உருவி இதுக்குப் போர்த்தும்னு என்னால சொல்ல முடியாது."

"எதை வேணா உருவட்டும் டாக்டர்."

"விளிப்பு போயிருச்சுன்னா? அதுதான அவருக்குத் தொழிலே."

"முதல்ல அது போகட்டும்," என்றாள்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாசிலாமணி கம்பீரமாக ஆரம்பித்தார்: "அவையின் தலைமையை ஏற்றிருக்கும், அறிமுகம் தேவையில்லாத அம்மையார் அவர்களே, காபி..."

நிறுத்தினார். மேஜையில் இருந்த துணியை நோண்டினார்.

"உன் பேரு எனக்கு வரலை," என்றார்.

பல வருடங்களில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட முதல் வாக்கியம் அது. அவள் காபியோடு எதிரில் உட்கார்ந்தாள். தனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்திருந்தாள். அவரோடு சேர்ந்து உட்கார்ந்து குடிப்பது புதிது.

"சொல்லித் தர்றேன். அங்..."

"அங்... அங்கீகரிக்கப்பட்ட..."

"அங்கீகாரமெல்லாம் வேணாம். அங்கயல்."

"அங்க யார்?"

"கயல்ங்க. மீன். மீன் மாதிரி கண்ணு உள்ளவ."

"மீன் மாதிரியா?" அவர் குனிந்து அவள் கண்ணாடிக்குள் பார்த்தார். அவ்வளவு நெருக்கத்தில், அவ்வளவு நேரம் அவர் அங்கே பார்த்ததில்லை. "அப்படி ஒண்ணும் தெரியலையே."

"கண்புரைக்கு முன்னாடி பாத்திருக்கணும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த நரம்பு ஏதோ தப்பிப் பிழைத்திருந்தது போல.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. "ஐயா!" என்று ஜெயவீரனின் குரல். "மேலூர்ல பாராட்டு விழா! மேடை ரெடி, யானை ரெடி!"

மாசிலாமணி பாதி எழுந்தார். பிறகு அவளைப் பார்த்தார். "போகட்டுமா?"

அவர் கேட்டது அவருக்கே விநோதமாக இருந்தது.

"முடியாதுன்னு சொல்லுங்க," என்றாள் அவள். முடியாது என்ற வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக அவள் மனதுக்குள் ஓட்டிப் பழகிய வார்த்தை.

"அப்ப யானை?"

"யானைக்குப் போர்த்தச் சொல்லுங்க."

ஜெயவீரன் ஹாரனை இன்னும் நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, யானையைச் சமாதானப்படுத்தப் போய்விட்டான். மேஜையில் பாடம் தொடர்ந்தது. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேஜை மேல் வந்தபோது அவர் நாக்கு திடீரென்று வளைந்துகொடுத்தது.

"அங்கயற்..." என்றார். "அங்கயற்..."

அதற்கு மேல் வரவில்லை. நரம்பில் பாதித் துடிப்பு கிடையாது என்று டாக்டர் சொன்னார். நாக்கில் உண்டு போலிருக்கிறது.

"பாதி வந்துருச்சுல்ல?" என்று அவசரமாகக் கேட்டார். பரீட்சையில் பாதி மதிப்பெண் கேட்கிறவரின் முகம். "மீதியை நாளைக்குப் பிடிச்சுருவேன். நாளைக்கும் சொல்லித் தர்றியா?"

சொல்ல வேண்டிய பதில் அவளுக்குத் தெரிந்தது. முப்பத்து நாலு வருடம் சொன்ன வார்த்தைதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

ஊசி போட்ட அன்றைக்குப் பத்தியம் கேட்கத் தங்கியவள், முந்தானையை விலக்கித் தோளைக் காட்டியிருந்தாள். "எதை ஓட்டப் போறீங்கம்மா?" என்று டாக்டர் ஊசியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ஓட்டுறதுக்கு இல்லை டாக்டர்," என்று சொன்னாள். "ஒண்ணை நிறுத்துறதுக்கு." அப்புறம் ஒரு மாதம் அந்த வார்த்தை தொண்டைக்கு வரும்போதெல்லாம் உதட்டை மூடிக்கொண்டாள். வெந்நீருக்கும் சொல்லவில்லை, காபிக்கும் சொல்லவில்லை. மருந்து நல்ல மருந்து. சுத்தமாக உருவியிருந்தது.

இப்போது, யாரும் சொல்லச் சொல்லாமல், அவளாக அந்த வார்த்தையைச் சொல்ல விரும்பினாள். நாக்கு மேலே போய், ஒன்றும் கிடைக்காமல், கீழே வந்தது.

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன? மாட்டியா?" குரல் உள்ளே போயிருந்தது.

அவள் அவருடைய காலி டம்ளரைத் தன் பக்கம் இழுத்து, தன் காபியில் பாதியை அதில் ஊற்றி, அவர் முன்னால் தள்ளினாள்.

"குடிங்க," என்றாள். "மறுபடியும் முதல்ல இருந்து. அங்..."